வல்லூறு உட்கார்ந்த கம்பம்

எனக்கு இந்த வயதில் ஒரு மாத்திரைகூடக் கிடையாது. அறுபத்திரண்டு முடிந்துவிட்டது, சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை. நேற்று நீங்கள் அனுப்பிய டாக்டர் இரண்டு கையிலும் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்துவிட்டு, என் வயதை நம்பாமல் வங்காளத்தில் இன்னொரு முறை கேட்டார். காலை ஐந்தரைக்கு எழுந்து ஆற்றோரமாக நடப்பேன், சாப்பாட்டில் கட்டுப்பாடு உண்டு என்றேன். பாவம், தனக்கு நூற்று அறுபது இருக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டு போனார்.

தமிழரசி மேடம், கல்கத்தா போலீசில் ஒரு தமிழ் அதிகாரி என் விசாரணைக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தமிழிலேயே எழுதுங்கள், நானே படித்துக்கொள்கிறேன் என்றீர்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதியவன் நான். தமிழில் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிப் பல காலம் ஆயிற்று. கை கொஞ்சம் தடுமாறுகிறது, மனசு தெளிவாக இருக்கிறது.

செப்டம்பர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை ஜெய்ராமுக்கு நேர்ந்தது விபத்துதானா என்பது உங்கள் கேள்வி. அதற்கு நான் பறவையிலிருந்து தொடங்க வேண்டும். என் மகள் சுபிக்ஷாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவள் என்ன சொல்லியிருந்தாலும் சரி.

வல்லூறு வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். வனத்துறை வழக்கைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். புறாவைவிடச் சிறிய பறவை அது. பெண் பறவைதான் பெரிது, வேட்டைக்கு அதைத்தான் வைத்துக்கொள்வார்கள். மைனாவைத் துரத்திப் பிடிக்கும். கையுறையில் வந்து உட்காரும்போது அந்த மஞ்சள் கண்ணால் நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையில் நன்றி, பாசம் என்று எதையாவது தேடுபவன் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

அது திரும்பி வருவது பசியால். வேறு எதனாலும் இல்லை. தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்ப்பேன். வயிறாரத் தின்றால் என் பறவை இருநூறு கிராம். நூற்று எழுபத்திரண்டில் வேட்டையாடும், கூப்பிட்ட குரலுக்கு வரும். நூற்று எண்பதைத் தாண்டினால் மரத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மை வேடிக்கை பார்க்கும். நூற்று அறுபதுக்குக் கீழே போனால் செத்துவிடும். இந்த இருபது கிராமுக்குள்தான் எல்லாமே. கொடுமை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அதை அக்கறை என்பேன். தினமும் ஒரு ஜீவனை கிராம் கணக்கில் கவனிப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நாலு பறவைகள் வைத்திருந்தேன். முதலாவது என் தவறால் போனது. வீட்டில் பறவையின் காலில் கட்டும் தோல்வாரின் நுனியில் ஒரு ஓட்டை இருக்கும். அதில்தான் நீளக் கயிற்றைக் கோப்பது. வேட்டைக்குக் கொண்டுபோகும்போது அந்த வாரைக் கழற்றிவிட்டு ஓட்டை இல்லாத வாரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் எந்தக் குச்சியிலாவது, ஆணியிலாவது ஓட்டை மாட்டிக்கொள்ளும். எனக்கு அப்போது தெரியாது. கார்டன் ரீச் ரயில்வே காலனி நாவல் மரத்தில் மறுநாள் தலைகீழாகத் தொங்கியது, கண்ணில் எறும்பு. இரண்டாவது, விஸ்வகர்மா பூஜை அன்று. ஊரே மொட்டை மாடியில் நின்று பட்டம் விடும் நாள் என்பதை மறந்து பறக்கவிட்டேன். மாஞ்சா நூல் ஒரு இறக்கையை மூட்டோடு எடுத்துவிட்டது. மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி எழுதுகிறேன், அதில் மாப்பிள்ளைக்குப் பங்கு உண்டு.

புதிதாகப் பிடித்த பறவை சீக்கிரம் அடங்குவதற்கு அதன் இமைகளை நூலால் தைத்துவைக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதை நான் செய்ததில்லை, ஒரு தடவை தவிர.

நீங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதால் அதையும் எழுதுகிறேன். என் மனைவி பாகீரதி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அடுத்த வருஷமே சுபிக்ஷாவுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்திருந்தாள். அந்த வாரம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று மாதம் இருந்தது. எந்த டாக்டராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடிக்க எதுவும் இல்லையே. அவள் வேலையை விட்டுவிட்டாள். இங்கேயே பவானிபூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். நான் அவளை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றுதான் படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை பார்த்தபோதும் அவசரப்படவில்லை. நாலு ஜாதகம் பொருந்தியது. ஜெய்ராமைத் தேர்ந்தெடுத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நியூ டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா அம்மா இருவரும் இல்லை. தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று அவள் போவதற்கு இன்னொரு வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அவள் சமைப்பாள். நாலு வருஷம் அப்படி நடந்தது. நல்ல ஏற்பாடு.

ஜெய்ராம் நல்ல மனிதர். இதை நான் ஒப்புக்கு எழுதவில்லை. தமிழைவிட வங்காளம்தான் அவருக்குச் சரளம். என்னோடு பேசும்போது தேடித் தேடித் தமிழில் பேசுவார். வந்த முதல் மாதமே பறவை அறைக்குள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்பு சுபிக்ஷாவின் அறையாக இருந்தது அது. பறவைக்குப் பெயர் வைக்காதீர்கள் என்றேன். அவர் புச்கி என்று கூப்பிட்டார். வங்காளத்தில் வீட்டுப் பொடிசுகளை அப்படிக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் கையுறை இல்லாமல் கையை நீட்டிவிட்டார். வல்லூறு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பற்றிக்கொண்டது. பின்னங்கால் நகம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் தெரிந்தது. கையை இழுத்தால் இன்னும் இறுக்கும்.

"அசையாதீங்க மாப்பிள்ளை. அதுவா விடும்" என்றேன்.

"பரவால்ல மாமா. பாவம், அதுக்குத்தான் பயம்" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

பதினொரு நிமிஷம் நின்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோள்பையில் காடை இறைச்சி இருந்தது. ஒரு துண்டை எடுத்துக் காட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் விட்டிருக்கும். ஆனால் மாப்பிள்ளை எவ்வளவு தாங்குவார் என்பது தெரிந்திருப்பது நல்லது இல்லையா? நிறையத் தாங்குவார் என்று தெரிந்தது.

அவரிடம் ஒரே ஒரு குறை, இரக்கம். நான் அளந்து போடும் பதினெட்டு கிராம் இறைச்சி போதாது என்று நினைத்துக்கொண்டு, என் கண்ணில் படாமல் கூடக் கொஞ்சம் கொடுப்பார். மூன்றாவது பறவை அப்படித்தான் போனது. தராசில் எடை ஏறியிருந்ததை நான் காலையில் கவனித்தேன், காரணம் புரியவில்லை, பறக்கவிட்டேன். ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விட்டது. காலில் கட்டிய மணியின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அன்று சாயங்காலம் அவராகவே வந்து சொன்னார், "மாமா, நான்தான் ரெண்டு நாளா எக்ஸ்ட்ரா கொடுத்தேன். சாரி மாமா." கண் கலங்கியிருந்தது. நான் அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை, வேறு பறவை வாங்கலாம் என்றேன். வாங்கினேன். அதற்கும் புச்கி என்றே பெயர் வைத்தார்.

நாலாவது பறவை அவர் கைக்குத்தான் முதலில் வரும். நான் விசிலடித்தால் தலையைத் திருப்பும். அவர் விசிலடித்தால் பறக்கும். ஒரே ஆள் கையில் சாப்பிட வேண்டிய பிராணிக்கு இரண்டு கை காட்டினால் அப்படித்தான் ஆகும். அவர்மேல் எனக்கு வருத்தம் இருந்தது என்றால் அது இதற்குத்தான். ஒரு பறவையின் பழக்கத்தைக் கெடுப்பது சின்னக் காரியம் இல்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சுபிக்ஷா சொன்னாள். ஜெய்ராமுக்கு நெதர்லாந்தில் வேலை. இருவருக்கும் விசா வந்துவிட்டது, அக்டோபரில் கிளம்புகிறார்கள். விசா வரும்வரை என்னிடம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"வருஷம் ஒரு தடவை வருவேம்ப்பா" என்றாள்.

"நீங்களும் சம்மர்ல வந்துடுங்க மாமா. அங்க ஃபால்கன் எல்லாம் லீகலா வெச்சிருக்காங்களாம்" என்றார் அவர்.

ரொம்ப சந்தோஷம் என்றேன். இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நெஞ்சுவலி வந்தது. போன் செய்தேன். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பவள் அன்று வரவில்லை. வீட்டுக்கே வந்து ஈசிஜி எடுக்கும் ஒரு ஆளை அனுப்பிவைத்தாள். அவன் எடுத்த தாளைப் போட்டோ பிடித்து அவளுக்கு அனுப்பினான். அரை மணி கழித்துப் போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, எல்லாம் நார்மல். புனேக்குப் போறப்பவும் இதே வலிதான். எனக்கு அப்பவே தெரியும்."

குரலை உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எட்டு வருஷமாகத் தெரிந்துகொண்டே என் தட்டில் சோறு போட்டிருக்கிறாள். அன்று எனக்கு நிஜமாகவே நெஞ்சு வலித்தது, ஆனால் அதை யாரிடம் சொல்வது?

உங்கள் அப்பா திண்டுக்கல்லில் தனியாக இருக்கிறார் என்று முந்தாநாள் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்லமாட்டார்.

இனி இடத்தைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகு, கார்டன் ரீச்சுக்குத் தெற்கே ஆற்றோரக் கிடங்கு ஒன்றுக்குச் சொந்தமான தனி ரயில் பாதையில் மின்கம்பி மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். அறுநூறு மீட்டர் பாதை, பதினான்கு கம்பங்கள், மேலே இருபத்தையாயிரம் வோல்ட். வாரத்தில் மூன்று நாள்தான் சரக்கு வண்டி வரும். ஞாயிற்றுக்கிழமை என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். பாதையோரப் புல்வெளியில் மைனாக்கள் கூட்டம் கூட்டமாக மேயும், ஆகவே பறவையை அங்கேதான் பறக்கவிடுவோம்.

பாதையின் முகப்பில் ஒரு கம்பத்தில் சுவிட்ச் இருக்கிறது. இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கைப்பிடி. கீழே இறக்கினால் உள்ளே இருக்கும் கம்பிகள் முழுக்க மின்சாரம் நின்றுவிடும். மேலே ஏற்றினால் வந்துவிடும். இறக்கியதும் அதைப் பூட்ட வேண்டும். பூட்டின் சாவி, கம்பத்தில் ஏறுபவனின் பையில் இருக்க வேண்டும். அவன் கீழே இறங்கித் தன் கையால் திறக்காமல் யாரும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாது. அதற்கு மேல், தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் மண்ணில் இறங்கிவிட, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பியிலிருந்து தரைக்கு எர்த் ராடு மாட்ட வேண்டும். இவை எங்கள் தொழிலின் பால பாடம். முப்பத்தைந்து வருஷத்தில் என் கீழ் வேலை செய்த ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

நாலாவது கம்பம்தான் பறவைக்குப் பிடித்த இடம். மைனாவைத் தவறவிட்டால் நேராக அங்கே போய், கம்பியைத் தாங்கும் குழாயின்மேல் உட்காரும். அந்தக் குழாயில் ஒரு கட்டுக்கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதை வைக்கவில்லை. போன வருஷமே இருந்தது. வளைத்துவிட வேண்டும் என்று பராமரிப்பு நோட்டில் எழுதியவனே நான்தான். வளைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, வேட்டைக்குப் போகும் முன் பறவையின் காலில் ஓட்டை இல்லாத வாரை மாற்றவில்லை. வீட்டு வாரோடு கொண்டுபோனேன். முந்திய மூன்று நாட்களாக நானே கூடுதலாக இறைச்சி போட்டிருந்தேன். நூற்று எண்பத்தெட்டு கிராம். பறவை சோம்பலாகப் பறந்து, கம்பத்தில் போய் உட்கார்ந்து, இருபது நிமிஷம் கழித்து மாப்பிள்ளை கைக்கு வந்தது. ஒன்றும் மாட்டவில்லை. அடுத்த ஞாயிறு மரத்துக்குப் போய்விட்டது. இரண்டு ஞாயிறும் கம்பியில் பராமரிப்பு வேலை என்று எழுதி, சுவிட்சை இறக்கித்தான் வைத்திருந்தேன். நானும் வீடு திரும்பி மதியம் நன்றாகத் தூங்கினேன். பொறுமை இல்லாதவன் இந்தப் பறவையை வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது ஞாயிறு, நூற்றுத் தொண்ணூற்றொரு கிராம். இரவு மழை பெய்து புல்லெல்லாம் ஈரம். சுபிக்ஷாவும் அன்று கூட வந்திருந்தாள், சாப்பாட்டு கேரியரோடு. நூறு மீட்டர் தள்ளியிருந்த ஷெட்டில் உட்கார்ந்து, வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டுகிற ஆட்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பறவை ஒரு மைனாவை அரை மனதாகத் துரத்திவிட்டு நாலாவது கம்பத்துக்குப் போனது. உட்கார்ந்தது. திரும்பி எழும்பியபோது கால் வரவில்லை. ஓட்டை, கம்பி முனையில் மாட்டியிருந்தது. தலைகீழாக விழுந்து தொங்கி அடித்துக்கொண்டது.

அவர் ஏறுவார் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். பறவை தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஜெய்ராமால் கீழே நிற்க முடியாது. கல்லூரி நாட்களில் புருலியா மலையில் பாறை ஏறிப் பழகியவரும்கூட. நான் ஏறச் சொல்லவில்லை. "எனக்கு முட்டி ஒத்துழைக்காது, திங்கக்கிழமை ஆள் வந்ததும் எடுத்துக்கலாம்" என்றுதான் சொன்னேன். நல்லவர்களை நம்பி எதையும் திட்டமிடலாம் மேடம், அவர்கள் ஒருபோதும் ஏமாற்றுவதில்லை.

"திங்கட்கிழமை வரைக்கும் இருக்காது மாமா" என்று செருப்பைக் கழற்றினார். மூங்கில் ஏணியைத் தானே தூக்கிவந்து சாத்தினார். பிறகு நின்று மேலே பார்த்துக் கேட்டார், "லைன் ஆஃப்தானே மாமா?"

"ஆஃப் பண்ணிப் பூட்டித்தான் வெச்சிருக்கேன் மாப்பிள்ளை. இந்தாங்க, சாவியை நீங்களே வெச்சுக்கோங்க. ஏறுறவர் பையிலதான் சாவி இருக்கணும், அதான் ரூல்."

அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அப்படி ஒரு விதி இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். "சூப்பர் சிஸ்டம் மாமா" என்றார்.

அது வீட்டு பீரோ சாவி. சுவிட்சின் சாவி எனக்கு வேண்டியிருந்தது, கொத்தில் வேறு சாவி இல்லை. வெறும் கையோடு ஏறச் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பார். ஆனால் கம்பத்தில் ஏறும் ஒருவரை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். என் முழுத் திட்டத்திலும் தவறு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எர்த் ராடு பற்றி அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

அவர் ஏணியில் பாதி ஏறியதும் நான் சுவிட்ச் கம்பத்தை நோக்கி நடந்தேன். அப்பா நடந்துதான் போனார், ஓடவில்லை என்று சுபிக்ஷா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். சரிதான். ஓட வேண்டிய அவசியம் இல்லை. பூட்டைத் திறந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து நாலாவது கம்பம் நன்றாகத் தெரியும்.

அவர் ஒரு கையால் குழாயைக் கட்டிக்கொண்டு, இன்னொரு கையால் பறவையை மார்போடு சேர்த்துப் பிடித்தார். அது அவர் கன்னத்தைக் கீறியது. அதனோடு பேசிக்கொண்டே இருந்தார், வங்காளத்தில். பேனாக்கத்தியால் வாரை அறுத்தார். பறவையைக் கீழே கொண்டுவருவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுத்த காலின் வாரையும் மணியையும் சேர்த்து அறுத்துக் கீழே போட்டார். பிறகு கையைத் திறந்தார்.

பறவை தாழ்வாகப் பறந்து ஆற்றுப் பக்கம் போயிற்று.

"போயிட்டா மாமா" என்று மேலேயிருந்து சத்தமாகச் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்க. போகட்டும்."

அது கம்பிகளை விட்டு முழுக்க விலகும்வரை காத்திருந்தேன். ஒரு வாயில்லா ஜீவனை வதைக்கும் எண்ணம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அதன் பிறகு கைப்பிடியை ஏற்றினேன்.

இருபத்தையாயிரம் வோல்ட்டுக்கு ஆளைத் தொடவேண்டிய தேவைகூடக் கிடையாது, பக்கத்தில் இருந்தால் போதும். சத்தம் ஒரு முறைதான். கைப்பிடியை மறுபடி இறக்கினேன், பூட்டினேன், சாவியை என் சட்டைப்பையில் போட்டேன். எர்த் ராடுகளை எடுத்துவந்து இரண்டு பக்கமும் மாட்டினேன். அதற்குப் பிறகே கிட்டே போனேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பு. ராடுகளை எடுக்கும்போதே சுபிக்ஷா ஓடிவந்துகொண்டிருந்தாள். நில், தொடாதே என்று கத்தினேன். அவள் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். பக்கத்துப் பாதையின் மின்சாரம் இந்தக் கம்பியிலும் தூண்டப்படும், எர்த் ராடு மாட்டாமல் விட்டது என் தவறு, வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன். அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, பறவை போனது எனக்குத் தாங்கவில்லை. நம்பினார்கள். அந்த நிமிஷம் கம்பியில் மின்சாரம் இருந்ததைக் காட்டிய துணைமின் நிலையத்துப் பதிவேடு பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது சாவி.

ஆஸ்பத்திரியில் அவர் பொருட்களை ஒரு கவரில் போட்டு சுபிக்ஷாவிடம் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், போன், பேனாக்கத்தி, ஒரு சாவி. அந்தச் சாவியின் வளையத்தில் ஒரு சிவப்பு நூல். சின்ன வயதில் அம்மாவின் பீரோ சாவி தொலையாமல் இருக்க அவளே கட்டியது. எனக்கு அது நினைவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். நேராக உள்ளே போய் அந்தச் சாவியைப் பீரோவில் போட்டுத் திருப்பினாள். திறந்தது. கொஞ்ச நேரம் பாகீரதியின் புடவைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூடினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

தயிர்சாதம் பிசைந்து, நார்த்தங்காய் ஊறுகாய் வைத்து என் முன்னால் கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

காரியம் எல்லாம் முடித்து, ஏற்கெனவே எடுத்திருந்த டிக்கெட்டிலேயே அவள் மட்டும் கிளம்பிப் போய்விட்டாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஜெய்ராமின் கம்பெனி அவளுக்கு அங்கே ஒரு வேலை கொடுத்திருக்கிறதாம். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களா?

இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தாள்களில் கையெழுத்துப் போடமாட்டேன். மாஜிஸ்திரேட் முன்னால் இதில் ஒரு வரியும் சொல்லமாட்டேன். குற்றமற்றவன் என்றுதான் சொல்லப்போகிறேன்.

தண்டனைக்குப் பயந்து இல்லை. தூக்கானாலும் சரி. யோசித்துப் பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும், சாட்சிகளுக்கு வேலை இல்லை. மறுத்தால் விசாரணை நடக்கும். சாவியை அடையாளம் காட்டவும், நான் சுவிட்சை நோக்கி நடந்ததைச் சொல்லவும் அவளைத் தவிர ஆள் கிடையாது. சம்மன் அவள் பெயருக்குத்தான் போகும். அரசுத் தரப்பு ஒரு முறை கூப்பிடும், பிறகு குறுக்கு விசாரணைக்கு எங்கள் தரப்பு கூப்பிடும். அன்று வக்கீல் வராவிட்டால் வேறு தேதி. எங்கே போனாலும் ஜெய்ராமுக்காக அவள் வந்தே தீருவாள். வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதி கேட்பாள், ஆட்சேபிக்கும்படி வக்கீலிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வருஷம் ஒரு தடவை வருவதாகத்தான் அவளே சொன்னாள். இப்போது அதைவிட அதிகமாகவே வரவேண்டியிருக்கும். நான் நிற்கும் கூண்டுக்கும் சாட்சி நிற்கும் இடத்துக்கும் ஏழெட்டு அடிதான் இருக்கும் என்கிறார் வக்கீல். அவள் என்னைப் பார்த்து, இவர்தான் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டுமாம். காட்டட்டும். அவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பாள் இல்லையா, அது போதும்.